குரல் சிகிச்சைப் பிரிவில் எட்டு வாரங்கள்: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

வகுப்பில் இரண்டாவது பாடவேளை முடிவதற்குள் குரல் கம்மிவிடுவதும், மாலையில் வீட்டில் நான்கு வார்த்தை பேசக்கூடத் தெம்பில்லாமல் போவதும் எனக்கு ஐந்து மாதங்கள் நீடித்தன. பத்தொன்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருவதால் தொண்டை கட்டுவது எனக்குப் புதிதல்ல. விடுமுறை வந்தால் தானே சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். இம்முறை விடுமுறை முடிந்த பிறகும் கரகரப்பு போகவில்லை. ஒரு பெரிய மருத்துவமனையின் குரல் சிகிச்சைப் பிரிவில் எட்டு வாரங்கள் சிகிச்சை பெற்று, அதன் பின் ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனையும் முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். சிகிச்சையும் ஆய்வும் ஒருசேர நடக்கும் இடம் அது. ஆகவே அங்கே எனக்குச் செய்யப்பட்ட ஒவ்வொன்றையும், அதைப் பற்றி வெளிவந்துள்ள மருத்துவ ஆய்வுகளின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நியாயமான மதிப்பீடு என்று கருதுகிறேன்.

அங்கு போவதற்கு முன் வேறொரு மருத்துவரைப் பார்த்திருந்தேன். அவர் டார்ச் வெளிச்சத்தில் வாய்க்குள் பார்த்துவிட்டு, வயிற்று அமிலம் மேலே ஏறிக் குரலைக் கெடுக்கிறது என்று சொல்லி மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாக்கை அழுத்திப் பார்த்தால் குரல் நாண்கள் தெரியாது. அவை நாக்கின் அடிப்பகுதிக்கும் கீழே, குரல்வளைக்குள் இருக்கின்றன. இந்த எளிய உண்மையை நான் அறிந்திருந்தால் அந்த மூன்று மாதங்கள் வீணாகியிருக்காது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் கழகம் 2018 இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கரகரப்பு 4 வாரங்களில் நீங்காவிட்டால் குரல்வளையை நேரடியாகப் பார்த்தாக வேண்டும். 2009 இல் வந்த முதல் பதிப்பு இதற்கு 3 மாதம் வரை அவகாசம் கொடுத்திருந்தது. புகைப்பழக்கம், கழுத்தில் கட்டி, மூச்சுத் திணறல், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை போன்றவை இருந்தால் அந்த 4 வாரங்கள்கூடக் காத்திருக்கக் கூடாது. குரல்வளையைப் பார்க்காமல், கரகரப்பை மட்டும் வைத்து அமிலத்துக்கான மருந்து தர வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

இந்தப் பிரிவில் என்னைக் கவர்ந்த முதல் விஷயம், நான் எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையைப் பற்றி அவர்கள் பேசிய விதம். முன்பு பார்த்த மருத்துவரை ஒரு சொல் குறை கூறவில்லை. பிரிட்டனில் நடந்து 2021 இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வை மட்டும் எனக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார்கள். தொண்டைத் தொந்தரவு நீடித்த 346 பேரைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் லான்சோபிரசோல் மாத்திரையை நாளுக்கு இருமுறை 16 வாரங்கள் கொடுத்தார்கள். மறுபாதிக்கு மருந்தில்லாப் போலி மாத்திரை. இரு தரப்பினருக்கும் தொந்தரவு குறைந்தது, ஆனால் மருந்து பெற்றவர்களுக்குக் கூடுதலாகக் குறையவில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை வேறு வகையில் தேவைப்படலாம், உங்களுக்கு அது இல்லையே என்று மருத்துவர் விளக்கியபோது, ஒரு மருந்தை நிறுத்தச் சொல்வதற்குக்கூட இவ்வளவு பொறுமையாகக் காரணம் காட்டுகிறார்களே என்று மனம் நிறைந்தது.

பிறகு பரிசோதனை. மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, 'ஈ' என்று நீட்டிச் சொல்லச் சொன்னார்கள். பேசும்போது பெண்களின் குரல் நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 200 முறையும், ஆண்களுடையவை ஏறத்தாழ 120 முறையும் அதிர்கின்றன; எந்தக் கண்ணும் அதைத் தொடர முடியாது. ஸ்ட்ரோபோஸ்கோப்பி என்னும் முறையில், அதிர்வின் வேகத்திலிருந்து சற்றே விலகிய வேகத்தில் வெளிச்சம் விட்டுவிட்டு மின்னும். ஒவ்வொரு மின்னலும் அதிர்வின் அடுத்தடுத்த கட்டத்தைப் பிடிப்பதால், நாண்கள் நிதானமாகத் திறந்து மூடுவது போலத் திரையில் தெரிகிறது. உண்மையில் அது பல அதிர்வுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக் கோத்த காட்சி. குரல் மிகவும் ஒழுங்கற்று அதிர்ந்தால் இந்த முறை பலிக்காது, அப்போது விநாடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கும் அதிவேகக் கேமரா வேண்டும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். 1854 இல் மனுவேல் கார்சியா என்ற இசை ஆசிரியர், பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் வைத்துத் தம் சொந்தக் குரல் நாண்களைப் பார்த்தார். குரலைப் பிழைப்பாகக் கொண்ட ஒருவர் தொடங்கி வைத்த பார்வை இது என்பது ஆசிரியரான எனக்குத் தனி நெகிழ்ச்சி தந்தது.

திரையில் இரு நாண்களிலும், நேருக்கு நேராக, அரிசிக் குருணை அளவில் சிறு தடிப்புகள் தெரிந்தன. நாண்கள் அதிரும்போது மிக வலுவாக மோதிக்கொள்ளும் இடத்தில் வரும் முடிச்சுகள் அவை. கையில் காய்ப்பு ஏறுவது போன்றது, வெட்டி எடுப்பது முதல் வழியல்ல, பேசும் முறையை மாற்றினால் பெரும்பாலும் சுருங்கும் என்றார்கள். புற்று என்ற சொல்லை மனத்துக்குள் வைத்துக்கொண்டு போயிருந்த எனக்கு, அந்தப் படத்தைக் காட்டி விளக்கியதே பாதி மருந்தாக இருந்தது.

அளவீடுகள் பல எடுத்தார்கள். அவற்றுள் முக்கியமானது குரல் குறைபாட்டுக் குறியீடு என்னும் 30 கேள்விகள் கொண்ட படிவம். 1997 இல் உருவாக்கப்பட்ட இது, குரல் எப்படி ஒலிக்கிறது என்பதைவிட, அந்தக் குரலோடு வாழ்வது எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதைக் கேட்கிறது. தொலைபேசியைத் தவிர்க்கிறீர்களா, பிறர் திரும்பச் சொல்லச் சொல்கிறார்களா, குரலால் வெட்கப்படுகிறீர்களா என்ற வரிசையில் பதில் எழுதும்போதுதான், சக ஆசிரியர்களோடு உணவு இடைவேளையில் பேசுவதை நான் எப்போதோ விட்டுவிட்டதை உணர்ந்தேன். புள்ளி கூடக் கூடச் சிரமம் அதிகம் என்று பொருள். மொத்தம் 120 புள்ளிகளில் எனக்கு 46 வந்தது. இதோடு, ஜப்பானிய வல்லுநர்கள் உருவாக்கிய ஜிஆர்பிஏஎஸ் என்னும் அளவுகோலில் என் குரலின் கரகரப்பு, காற்றுக் கசிவு, இறுக்கம் முதலியவற்றை 0 முதல் 3 வரை செவியால் மதிப்பிட்டார்கள். இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மதிப்பிட்டவர் எனக்குச் சிகிச்சை அளித்த அதே நிபுணர்தான். தம் உழைப்பு பலித்திருக்க வேண்டும் என்று விரும்பும் செவி, எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், சற்றுக் கனிவாகவே கேட்கும். எது முந்தைய பதிவு, எது பிந்தையது என்று அறியாத ஒருவர் கேட்டு மதிப்பிடுவதே ஆய்வுகளில் ஏற்கத்தக்க வழக்கம். சிகிச்சையிலும் அதைச் செய்திருக்கலாம்.

சிகிச்சையின் நடுநாயகம் ஒரு சிலிகோன் குழாயும் பாதி நீர் நிரப்பிய ஒரு புட்டியும். குழாயின் நுனியை நீருக்குள் இரண்டு சென்டிமீட்டர் அமிழ்த்தி, மறுமுனையை உதடுகளால் கவ்விக்கொண்டு, குமிழ் எழும்படி 'ஊ' என்று குரல் கொடுக்க வேண்டும். முதல் நாள் இதைச் செய்யக் கூச்சமாகத்தான் இருந்தது. இதன் அடிப்படை தெளிவானது: வாய்ப்பக்கம் குறுகும்போது காற்று திரும்பி நாண்களின் மேல் அழுத்தம் தருகிறது. அந்த அழுத்தம் நாண்களைச் சற்றே விலக்கி வைப்பதால் அவை ஒன்றையொன்று அறைந்துகொள்ளாமல் மென்மையாக அதிர்கின்றன. குறைந்த முயற்சியில் அதிக ஒலி கிடைக்கிறது. பின்லாந்தில் ஆன்ட்டி சோவியார்வி என்பவர் கண்ணாடிக் குழாய்களை வைத்து வளர்த்த முறை இது. ஏன் பலிக்கிறது என்பதற்கு இயற்பியல் விளக்கம் தந்தவர்களில் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்சே முதன்மையானவர். மூன்றாம் வாரத்தில், குழாயை எடுத்துவிட்டு அதே உணர்வோடு ஒரு வாக்கியம் சொன்னபோது, உதட்டிலும் மூக்கின் ஓரத்திலும் மெல்லிய அதிர்வு தெரிந்தது. தொண்டை இறுகவே இல்லை. இத்தனை ஆண்டுகள் நான் தொண்டையைக் கசக்கித்தான் பேசி வந்திருக்கிறேன் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் விளங்கிவிட்டது.

குரல் சிகிச்சை வல்லுநர் ஜோசப் ஸ்டெம்பிள் வகுத்த நான்கு குரல் பயிற்சிகளையும் கற்றுக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு தடவை, காலையும் மாலையும். நிபுணரோடு வாரத்துக்கு முக்கால் மணி நேரம்தான். மீதியெல்லாம் வீட்டில் நாம் செய்வதில் இருக்கிறது. நான்கு நாள் விட்டுவிட்டுப் போனபோது, என்னைக் கடிந்துகொள்ளாமல், எந்த வேளையில் செய்ய முடியவில்லை என்று கேட்டு நேரத்தை மாற்றித் தந்தார் அந்த நிபுணர். அந்தப் பொறுமைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மனம் ஒப்பாத இடம் ஒன்று உண்டு. முதல் நாளே இரண்டு பக்க அறிவுரைத் தாள் கொடுத்தார்கள்: தண்ணீர் நிறையக் குடியுங்கள், கத்தாதீர்கள், தொண்டையைச் செருமாதீர்கள், குரலுக்கு ஓய்வு கொடுங்கள். தவறான அறிவுரை எதுவுமில்லை. ஆனால் நாற்பது மாணவர்களுக்கு முன்னால் ஐந்து மணி நேரம் பேச வேண்டியவரிடம் ஓய்வு கொடுங்கள் என்பது, அவர் செய்ய முடியாததைச் செய்யச் சொல்வதாகும். இதை நான் ஆதங்கத்தில் மட்டும் சொல்லவில்லை. குரல் ஆய்வாளர் நெல்சன் ராயும் அவருடைய குழுவினரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், குரல் கெட்ட 44 ஆசிரியர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் குரல் பராமரிப்பு அறிவுரை, இன்னொன்றுக்கு உடலில் அணிந்துகொள்ளும் சிறிய ஒலிபெருக்கி, மூன்றாவதற்குச் சிகிச்சை ஏதுமில்லை. ஆறு வாரங்களுக்குப் பிறகு குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டது ஒலிபெருக்கி அணிந்த குழுவே. அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் அப்படி மாற்றம் தென்படவில்லை. அதே குழுவினரின் 2004 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒருமுறையேனும் குரல் கோளாறு கண்டவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதம், மற்றவர்களில் 28.8 சதவீதம். இவ்வளவும் தெரிந்த ஒரு பிரிவு, ஆசிரியர் ஒருவர் வந்து அமர்ந்ததும் ஒலிபெருக்கியைப் பற்றி முதலில் பேசியிருக்க வேண்டும். நானே ஐந்தாம் வாரத்தில் கேட்ட பிறகுதான், ஆம், வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். இதை மறதி என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. சிகிச்சை அறைக்குள் நடப்பதை மட்டுமே சிகிச்சை என்று கருதும் பழக்கத்திலிருந்து வரும் குறை இது.

இரண்டாம் வாரத்தில் ஓர் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டார்கள். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க விட்டார்கள், மறுத்தாலும் சிகிச்சை மாறாது என்பதை எழுத்திலேயே தந்தார்கள், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றார்கள். ஒன்றை மட்டும் நான் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இரத்த மாதிரியில் பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுகிறார். குரல் பதிவில் பெயரை நீக்கினாலும் தெரிந்தவர் ஒருவர் கேட்டால் இது யார் என்று சொல்லிவிடுவார். என் பதிவு எங்கே, எவ்வளவு காலம் இருக்கும், யார் கேட்பார்கள் என்ற கேள்விக்கு நேர்முகமாகப் பதில் கிடைத்த பின்பே கையெழுத்திட்டேன். குரல் ஆய்வில் சேரும் எவரும் இதைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

காத்திருப்பு அறையில் என்னோடு அடிக்கடி அமர்ந்திருந்தவர்களில் பார்க்கின்சன் நோயால் குரல் தணிந்துபோன முதியவர் ஒருவர் இருந்தார். அவருக்கு லீ சில்வர்மன் முறை: வாரத்துக்கு நான்கு நாள் வீதம் நான்கு வாரங்கள், மொத்தம் 16 அமர்வுகள், உரத்துப் பேசுவது ஒன்றே இலக்கு. பிரிட்டனில் 388 பேரைக் கொண்டு நடந்து 2024 இல் வெளிவந்த ஆய்வு, வழக்கமான பேச்சு சிகிச்சையைவிட இந்த முறை நோயாளிகளுக்கு அதிகம் உதவியதாகக் காட்டியது. என்னிடம் தணிந்து பேசச் சொன்ன அதே நிபுணர் அவரிடம் உரக்கப் பேசச் சொன்னதைச் சுவருக்கு அப்பாலிருந்து பல நாள் கேட்டிருக்கிறேன்.

எட்டாம் வாரத்தில் என் குறியீடு 46 இலிருந்து 19 ஆக இறங்கியது. 18 புள்ளி மாறினாலே அது உண்மையான மாற்றம் என்று அந்தப் படிவத்தை உருவாக்கியவர்கள் வரையறுத்திருந்தார்கள். முடிச்சுகள் முழுவதும் போய்விடவில்லை, சுருங்கியிருந்தன. அத்தோடு என்னை அனுப்பிவிட்டார்கள். மறுபரிசோதனைக்கு நாள் குறித்துத் தரவில்லை. பள்ளி முழு வேகத்தில் நடக்கும் மாதங்களில்தான் சிகிச்சை நிலைத்ததா என்று தெரியும் என்பதால், ஆறு மாதம் கழித்து நானே எழுதிக் கேட்டு நாள் வாங்கினேன். குறியீடு 22. திரையில் வலது நாண் வழவழப்பாகிவிட்டது, இடது நாணில் மட்டும் மெல்லிய தடிப்பு மிச்சமிருக்கிறது. ஒலிபெருக்கியை இப்போது தினமும் அணிகிறேன்; குழாயும் புட்டியும் என் மேசை மேலேயே இருக்கின்றன.