நேபாளத்தில் ஆறு வாரச் சேவை: பள்ளி திறந்திருந்தது 13 நாள்

முப்பது வருடங்களுக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் கால் தங்கவில்லை. தன்னார்வப் பணிக்கு வெளிநாடு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் 85,000 ரூபாய் கட்டி, அக்டோபர் தொடக்கத்தில் நேபாளம் போனேன். கோர்க்கா மாவட்டத்தில் ஒரு மலைக் கிராமம். பாதி நேரம் அரசுப் பள்ளியில் ஆங்கிலம், பாதி நேரம் சுகாதாரப் பணி என்று பேச்சு.

நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் மனதில் பதிவதற்குள் தசைன் (நம் தசரா) விடுமுறை வந்துவிட்டது. அது முடிந்தால் தீஹார் (நம் தீபாவளி). இரண்டுக்கும் நடுவிலும் பள்ளியைத் திறக்கவில்லை. ஊரே அறிந்த பண்டிகை. பணம் வாங்கிய நிறுவனத்துக்கு மட்டும் தெரியாதாம்!

தங்கிய வீட்டில் ஒரு குறையும் இல்லை. காலை ஒன்பதரைக்கே பருப்பும் சோறும் கீரையும் வைத்து, போதும் என்றாலும் விடமாட்டார்கள். நேபாளியில் அம்மாவை 'ஆமா' என்பார்கள். வீட்டு அம்மாவை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எதற்கோ சம்மதம் சொல்வது போலவே எனக்குக் கேட்டது. என் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நாளுக்கு 500 நேபாள ரூபாய் கிடைக்கிறது என்று ஆமா ஒருநாள் சொன்னார். நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடையது 1.60. கணக்குப் போட்டால் 42 நாளுக்கு நம் பணத்தில் 13,125 ரூபாய். மீதி எங்கே போனது என்று கேட்டேன். 'நிர்வாகச் செலவு' என்று பதில் வந்தது.

கொடுத்த பணத்துக்கு ஏதாவது கிடைத்தது என்றால் அது அந்த ஊர்ப் பெண் சுகாதாரத் தன்னார்வலரால்தான். 1988இல் தொடங்கிய அரசுத் திட்டம். நாடு முழுக்க இவர்களைப் போல் ஐம்பதாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் கிடையாது. என்னை 'திதி' என்று கூப்பிட்டார், நான் அவரை 'பைனி' என்றேன். அக்கா, தங்கை என்று பொருள். நேபாள நாட்காட்டியின் கார்த்திக் மாதத்து (அக்டோபர்–நவம்பர்) வைட்டமின் ஏ முகாமில் அவருக்கு உதவியாக உட்கார்ந்தேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறை கொடுப்பது. நான் கத்தரிக்கோலால் மாத்திரையின் முனையை நறுக்கித் தருவேன். பிள்ளை வீறிட்டு வாயைத் திறக்கும் அந்த நொடியில் அவர் பிழிந்துவிடுவார். ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை.

இரண்டு வயதுப் பையன் ஒருவனின் மேல்கையில் அளவு நாடாவைச் சுற்றினார். மஞ்சள், அதாவது 12.5 செண்டிமீட்டருக்கும் குறைவு; பிள்ளைக்குச் சத்துப் போதவில்லை. தாயைத் திட்டவில்லை. அவள் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து, சோயா இரண்டு பங்கு, மக்காச்சோளம் ஒன்று, கோதுமை ஒன்று, வறுத்து அரைக்க வேண்டும் என்று விரல் மடக்கிச் சொன்னார். மொழி தெரியாமலே எனக்குப் புரிந்தது. இதே சத்துமாவுப் பாடத்தை நானும் எத்தனை திண்ணைகளில் நடத்தியிருக்கிறேன்!

என் செவிலியர் பதிவு நேபாளத்தில் செல்லாது என்பதால் நான் ஊசியைத் தொடவில்லை. என்னோடு வந்த பத்தொன்பது வயது ஜெர்மானியப் பையனோ, எந்தப் பயிற்சியும் இல்லாமல் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வந்ததே சுற்றுலா விசாவில். அதில் சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக்கூடாது. 'யாராவது கேட்டால் மலை பார்க்க வந்தேன் என்று சொல்' என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்பதால் நான் தப்பித்தேன்.

நிறுவனத்துக்கு ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண். அந்த அரை, விமான நிலையத்துக்கு நேரத்துக்கு வண்டி அனுப்பியதற்காக. போக நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் பள்ளியின் விடுமுறைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தங்கும் வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

கிளம்பும்போது கொடுத்த சான்றிதழில் 'ஆறு வாரம் கற்பித்தார்' என்று அச்சிட்டிருந்தது. 13 நாள் என்று திருத்தித் தரும்படி எழுதியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.