பூவரசம் பீப்பியா, பென்சில் ஆர்கனா, வாழைப்பழப் பியானோவா?

3 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் 30 பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம், கூட இரண்டு பெரியவர்கள். தொடக்கப் பள்ளியில் ஒரு பட்டறை நடத்தப் பெரும்பாலும் கிடைப்பது இவ்வளவுதான். பள்ளிகளுக்கு அறிவியல், கணிதச் செய்முறைகளைக் கொண்டுபோகும் தமிழக அரசின் வானவில் மன்றம் 2022இல் தொடங்கியபோது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளை மனத்தில் வைத்துத்தான் வந்தது. அந்த வயதுக்குப் போட்ட திட்டத்தை அப்படியே நான்காம் வகுப்புக்குக் கொண்டுவந்தால் முதலில் தோற்பது மூளை அல்ல, விரல். எட்டு வயதுப் பிள்ளையால் ரெசிஸ்டரின் (மின்தடை) காலை பிரெட்போர்டு (பாகங்களைச் செருகியே மின்சுற்று அமைக்கும் பலகை) ஓட்டையில் செருக முடியும். ஆனால் பத்துக் கால்களைச் செருகுவதற்குள் முதலில் செருகிய இரண்டு கழன்றிருக்கும்.

அறிவியல், இசை, மின்னணு மூன்றையும் ஒரே மதியத்தில் தொட வேண்டுமென்றால் ஒலியைப் பிடிப்பதுதான் சுலபம். அதற்கு ஐந்து வழிகள் வழக்கத்தில் உண்டு. பூவரசம் இலைப் பீப்பி, வயரிங் பைப் குழல், 555 என்ற ஐசியில் (மின்னணுச் சில்லு) செய்யும் பென்சில் ஆர்கன், மேக்கி மேக்கி பலகையில் வாழைப்பழப் பியானோ, மைக்ரோபிட் என்ற சின்னக் கணினிப் பலகை. ஆறாவதாக யுஎம்66 மெலடி ஐசி ஒன்று இருக்கிறது, அதை மட்டும் முதலிலேயே தள்ளிவிடலாம். மூன்று கால், ஒரு ஸ்பீக்கர், 3 வோல்ட், உடனே பாட்டு என்பதால் பட்டறை நடத்துபவருக்கு அது நிம்மதி. ஆனால் பாட்டு ஐசிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளை எதை மாற்றினாலும் அதே பாட்டுத்தான். போதாததற்கு மேசையில் 9 வோல்ட் பேட்டரி கிடந்தால் யாராவது ஒருவர் அதை மாட்டி ஐசியைச் சுட்டுவிடுவார்.

இங்கே அளவுகோல் ஒன்றுதான்: பிள்ளையின் கை ஒரு நீளத்தை மாற்றினால், காதில் சுருதி மாறுகிறதா?

பூவரசம் இலை

செலவே இல்லாதது இது. பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் நாடு முழுக்க 2022 ஜூலையில் தடையான பிறகு, பழைய உறிஞ்சுகுழல் பீப்பிக்கு நல்ல மாற்றும் இதுவே. காகித உறிஞ்சுகுழலை நம்பி இறங்க வேண்டாம். நுனியை நாக்குப் போல வெட்டி ஊதினால் நன்றாகவே கத்தும், ஆனால் எச்சில் ஊறியதும் நுனி தொளதொளத்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் காற்றுத்தான் வரும்.

இலை முற்றியும் இருக்கக் கூடாது, தளிராகவும் இருக்கக் கூடாது. தளிர் நசுங்கும், முற்றியது சுருட்டும்போது விரியும். காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, ஓர் ஓரத்திலிருந்து உள்ளே பென்சில் நுழையும் அளவுக்குச் சுருட்ட வேண்டும். ஒரு முனையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல நசுக்கி, வாய் ஒரு கீற்றாகத் தெரியும்படி விட வேண்டும். அதைப் பல்லில் கடிக்காமல் உதட்டுக்குள் வைத்து ஊத வேண்டும். சத்தம் வரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. அதிகமாக நசுக்கிக் கீற்று மூடியிருக்கும், அல்லது தளர்வாகச் சுருட்டி ஓரத்தில் காற்று ஒழுகும். அடுத்த இலையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆளுக்கு நான்கு இலை வைத்துக்கொண்டால் போதும்.

நசுங்கிய இரண்டு ஓரங்களும் மாறிமாறி மூடித் திறந்து காற்றைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி செய்வதும் இதையேதான். ஒரு சீவாளியை வாங்கி வந்து கையில் கொடுத்தால், கோயிலில் கேட்ட சத்தத்துக்கும் தன் வாயிலிருக்கும் இலைக்கும் உள்ள உறவு பிள்ளைக்குச் சொல்லாமலே புரியும். ஊதக் கொடுக்க வேண்டாம், பார்க்க மட்டும். பீப்பியின் அகன்ற முனையில் செய்தித்தாளைக் கூம்பாகச் சுற்றினால் சத்தம் பெருகி, சுருதி கொஞ்சம் தணியவும் செய்யும்.

குறை என்னவென்றால், இதில் சுரம் பிடிக்க முடியாது. 30 பீப்பியும் 30 சுருதியில் கத்தும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது உத்தமம்.

வயரிங் பைப் குழல்

பீப்பி விட்ட இடத்தில் தொடங்குவது இது. வீட்டுச் சுவருக்குள் வயர் ஓட்டும் 20 மில்லிமீட்டர் பிவிசி பைப், ஒரு ஹேக்ஸா பிளேடு, உப்புத்தாள், களிமண், அகல டேப். ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, மறுமுனை விளிம்பின் மேல் ஊதினால் சுரம் வரும். அடைத்த குழலில் ஒலி அலையின் நீளம், குழல் நீளத்தைப் போல நான்கு மடங்கு. 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். ஸட்ஜத்தை 523 ஹெர்ட்சில் வைத்தால் கணக்குப்படி 16.7 சென்டிமீட்டர் வரும். வாய்ப்பக்கம் காற்று குழலுக்கு வெளியேயும் கொஞ்சம் அதிர்வதால், உள்விட்டத்தில் ஏறக்குறைய 10க்கு 3 பங்கு, அதாவது அரை சென்டிமீட்டர், கழிக்க வேண்டும்.

மோகன ராகத்துக்கான உள்நீளங்கள், சென்டிமீட்டரில்: ஸ 16.2, ரி 14.3, க 12.8, ப 10.6, த 9.5, மேல் ஸ 7.8. ஒவ்வொன்றுக்கும் களிமண்ணுக்காக 2 சென்டிமீட்டர் கூட்டி அறுக்க வேண்டும். ஆறு குழலுக்கு 83 சென்டிமீட்டர் ஆகும், ஆக 3 மீட்டர் பைப் ஒன்றில் மூன்று செட் தேறும். சங்கராபரணத்தின் ஏழு சுரத்தையும் செய்யலாம், ஆனால் முதல் தடவைக்கு மோகனமே நல்லது. ஐந்து சுரத்தில் யார் எதை எப்போது ஊதினாலும் காதில் குத்தாது.

அறுப்பது பெரியவர் வேலை, முதல் நாளே முடித்துவிட வேண்டும். உப்புத்தாளில் பிசிர் தேய்ப்பதும் களிமண் அடைப்பதும் சுருதி சேர்ப்பதும் பிள்ளைகள் வேலை. பென்சிலின் பின்பக்கத்தால் களிமண்ணை உள்ளே ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். செல்போனில் ட்யூனர் செயலியைத் திறந்து வைத்தால் முள் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பட்டறையின் உயிரே இந்தக் கால் மணி நேரம்தான், அவசரப்படுத்தக் கூடாது.

தவறுவது இரண்டு இடங்களில். களிமண் காய்ந்து சுருங்கினால் ஓரத்தில் காற்று கசிந்து ஊமையாகிவிடும். எனவே ஈரக் களிமண்ணை அழுத்தி அடைத்து, வெளிப்பக்கம் டேப் ஒட்ட வேண்டும். அடுத்தது ஊதுவது. குழலுக்குள் ஊதக் கூடாது, கீழுதட்டை விளிம்பில் வைத்து எதிர் விளிம்பை நோக்கி ஊத வேண்டும். மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு முதல் பத்து நிமிடம் வெறும் காற்றுத்தான் வரும். விடாமல் ஊதுபவருக்குத் தலை சுற்றும், ஐந்து ஊதலுக்கு ஓர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழலை மாற்றி மாற்றி ஊதக் கொடுக்காதீர்கள், மார்க்கரால் பெயர் எழுதிவிடுங்கள்.

பென்சில் ஆர்கன்

555 டைமர் ஐசி 1972இல் சந்தைக்கு வந்தது. ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்தது. இன்னும் சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. பென்சிலால் தாளில் போட்ட கோட்டை ரெசிஸ்டராக்கி, அந்தக் கோட்டின் மேல் கம்பியை நகர்த்தினால் சுருதி மாறும் கருவி இது. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் தாராளமாகக் கடத்தாது. தேவைப்படுவதும் அதுதான்.

மூன்று பேருக்கு ஒரு செட் என்று 10 செட். ஒரு செட்டுக்கு: சிறிய பிரெட்போர்டு, என்இ555, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 103 என்று எழுதிய செராமிக் கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம்), 10 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர், 100 ஓம் ரெசிஸ்டர், 8 ஓம் ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரியும் அதன் மூடியும், இரண்டு நீளக் கம்பி, 6பி அல்லது 8பி பென்சில். ஐசியை 12 வாங்குங்கள்.

ஐசியின் பிறைவெட்டு இடப்பக்கம் இருக்க, கீழ் இடது கால்தான் 1. அங்கிருந்து கீழ்வரிசையில் வலப்பக்கம் 4 வரை, பிறகு மேல்வரிசையில் வலமிருந்து இடமாக 8 வரை. 4ஐ 8உடனும், 2ஐ 6உடனும் இணைப்பது, ஐசியைப் பொருத்துவது இரண்டையும் பெரியவர்கள் முன்பே செய்துவைக்க வேண்டும். பிள்ளைகள் செருகுவது: 8க்கும் 7க்கும் நடுவே 1 கிலோ ஓம், 2க்கும் 1க்கும் நடுவே 103, 3ஆம் காலிலிருந்து 100 ஓம், 10 மைக்ரோஃபேரட், ஸ்பீக்கர் வழியாக 1க்கு. 10 மைக்ரோஃபேரட்டின் நெகட்டிவ் பட்டை ஸ்பீக்கர் பக்கம் இருக்க வேண்டும். 7இலிருந்தும் 6இலிருந்தும் புறப்படும் இரண்டு கம்பிகள் தாளுக்குப் போகும். 8 பாசிட்டிவ், 1 நெகட்டிவ்.

கணக்கும் ரசமானது. கோட்டின் தடை 100 கிலோ ஓம் என்றால் ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸ், 200 என்றால் 360. ஆக, இரு கம்பிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இரட்டிப்பாகி மேல் ஸட்ஜம் கேட்கும். பைப்பில் 16இலிருந்து 8க்கு வந்தபோது நடந்ததும் இதுவேதான். காற்றும் கிராஃபைட்டும் ஒரே விதியைச் சொல்வதுபோலத் தோன்றினாலும் காரணம் வேறு வேறு. பைப்பில் அலை போய்வரும் தூரம் நீள்கிறது. இங்கே கெபாசிட்டர் நிரம்பும் நேரம் நீள்கிறது. ஐந்தாம் வகுப்புக்கு இதைத் தண்ணீர்த் தொட்டி, குழாய் என்று சொன்னால் போதும்.

கோட்டை ஒரு விரல் அகலப் பட்டையாக, தாள் பளபளக்கும்வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். எச்பி பென்சிலில் களிமண் அதிகம், கிராஃபைட் குறைவு. அதில் மெல்லிய கோடு போட்டால் தடை பல மெகா ஓமுக்குப் போய்விடும். 10 மெகா ஓமில் விநாடிக்கு ஏழு முறைதான் துடிக்கும், சுரத்துக்குப் பதில் ‘டிக் டிக்’ என்று பல்லிக் குரல் வரும். ‘கெட்டுப்போச்சு’ என்று பிள்ளை கையைத் தூக்கும் இந்த நொடியை வீணாக்காதீர்கள். அதே கோட்டின் மேல் இன்னும் தேய்க்கச் சொன்னால் டிக் டிக் நெருங்கி நெருங்கி உறுமலாகி, பிறகு சுரமாவதைக் காதாலேயே கேட்கலாம். சுரம் என்பது வேகமான துடிப்புத்தான் என்று இதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் காட்டுவதில்லை.

சத்தமே இல்லையா? ஐசி தலைகீழாகத் திரும்பியிருக்கலாம். சத்தமும் இல்லை, ஐசி சுடுகிறது என்றால் பேட்டரிக் கம்பி மாறியிருக்கிறது, உடனே கழற்றுங்கள். தாளுக்குப் போகும் இரண்டு கம்பியும் எங்கோ ஒன்றோடொன்று உரசினாலும் சத்தம் கேட்காது, அதிர்வு காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஸ்பீக்கருக்குப் பதில் பஸ்ஸர் வாங்கினால் கவனம்: பேட்டரி கொடுத்ததும் தானே கத்தும் பஸ்ஸருக்குள் தனிச் சுற்று உண்டு, அதில் சுருதி மாறாது. வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கோட்டில் கம்பி படாவிட்டாலும் ஐசி சில மில்லியாம்பியர் குடித்துக்கொண்டேயிருக்கும்.

வாழைப்பழப் பியானோ

மேக்கி மேக்கியை எம்ஐடி மீடியா லேப் மாணவர்கள் ஜே சில்வரும் எரிக் ரோசன்பாமும் உருவாக்கி 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் கொண்டுவந்தார்கள். கணினிக்கு அது வெறும் விசைப்பலகை. பலகையின் எர்த் கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பலகையோடு கம்பியால் இணைத்த பழத்தை மறு கையால் தொட்டால் அம்பு விசையை அழுத்தியதாகக் கணினி நம்பும். உள்ளே 22 மெகா ஓம் தடை இருப்பதால் மனித உடல் வழியாகப் போகும் சொற்ப மின்னோட்டமே போதும்.

மேடையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. 30 பேரும் கை கோத்து வட்டமாக நின்று, இரு முனையில் உள்ளவர்கள் எர்த் கம்பியையும் பழத்தையும் பிடித்தால் மணி ஒலிக்கும். நடுவில் ஒருவர் கையை விட்டால் நின்றுவிடும். மின்சுற்று என்றால் என்னவென்று ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் நம் அளவுகோலில் இது தோற்கிறது. பழம் சின்னதானாலும் பெரிதானாலும் சுரம் ஒன்றே, ஏனென்றால் சுரம் கணினியில் இருக்கிறது. பழம் வெறும் சுவிட்ச்.

நடைமுறையில் அடிக்கடி நடக்கும் தவறு, எர்த் கம்பியைப் பிடிக்க மறப்பது. காய்ந்த கை, மேசையில் வழிந்த பழச்சாறு இரண்டு பழத்தையும் இணைத்துவிடுவது ஆகியவை அடுத்தடுத்து வரும். மடிக்கணினியைச் சார்ஜரில் போடாமல் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். பல பள்ளிகளில் சுவர் சாக்கெட்டின் எர்த் நம்பத் தகுந்ததல்ல, பிள்ளைகள் கையில் பிடித்திருப்பது அந்தக் கணினியோடு இணைந்த உலோகம்.

மைக்ரோபிட்

பிபிசி 2016இல் பிரிட்டன் பள்ளிகளுக்குக் கொடுத்த பலகை. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஸ்பீக்கர் உண்டு, பழையதை வாங்கினால் வெளியே இயர்போன் மாட்ட வேண்டும். ஆறு வாரம் வாரம் ஒருமுறை என்றால் ஐந்தாம் வகுப்புக்கு நல்ல கருவி. ஒரே ஒரு மதியத்துக்கு வேண்டாம். கணினியோடு இணைப்பதிலும் நிரலை ஏற்றுவதிலுமே பாதி நேரம் போய்விடும், மீதியில் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் வாசிப்பார்கள்.

எதைத் தேர்ந்தாலும் நாணய வடிவ பட்டன் செல்லைத் தொடக்கப் பள்ளிக்குள் கொண்டுபோகாதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கக்கூடியது. சால்டரிங் அயர்னும் அப்படியே, பெரியவர் வீட்டிலேயே வேலையை முடித்துவிட்டு வரட்டும்.

ஒரே மதியம்தான் என்றால் 3, 4ஆம் வகுப்புக்கு முதல் 20 நிமிடம் பூவரசம் இலை, மீதி நேரம் பைப். ஐந்தாம் வகுப்புக்குப் பைப்பை அரை மணியில் முடித்து, மீதி ஒரு மணி பென்சில் ஆர்கனுக்கு. மேக்கி மேக்கி ஒன்று கையில் இருந்தால் ஆண்டு விழா அன்று வாசலில் வையுங்கள், வரிசை நிற்கும். பட்டறை முடிந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டியது பைப் செட்டை; களிமண் இரண்டு நாளில் காய்ந்து கழன்றுவிடும் என்பதையும், தண்ணீர் தொட்டுத் திரும்ப அடைத்துச் சுருதி சேர்ப்பது எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லியனுப்புங்கள்.