ஒற்றை மரையா, பல மரையா: எதை எங்கே போடுவது?

ஸ்க்ரூ கம்பியில் சுற்றி வெட்டிய பள்ளமும் மேடும்தான் மரை. ஒரு கம்பியில் ஒரே பள்ளம் சுற்றிச் சுற்றிப் போனால் அது சிங்கிள் ஸ்டார்ட், அதாவது ஒற்றை மரை. கம்பியின் முனையிலேயே இரண்டு, மூன்று, நான்கு பள்ளங்கள் தனித்தனியாகத் தொடங்கி ஒன்றையொன்று ஒட்டியே ஓடினால் மல்டி ஸ்டார்ட், அதாவது பல மரை. அடுத்தடுத்த மரைகளுக்கு நடுவே உள்ள தூரம் பிட்ச், ஒரு முழுச் சுற்றுக்கு நட் நகரும் தூரம் லீட். பிட்ச்சை ஸ்டார்ட் எண்ணிக்கையால் பெருக்கினால் லீட் வந்துவிடும்.

3டி பிரிண்டரில் இசட் அச்சை, அதாவது மேலும் கீழும் நகரும் பகுதியை, தூக்கும் 8 மி.மீ. கம்பியைப் பாருங்கள். பலவற்றில் வருவது நான்கு ஸ்டார்ட்: பிட்ச் 2 மி.மீ., லீட் 8 மி.மீ. அதே தடிமனில், அதே 2 மி.மீ. பிட்ச்சில் சிங்கிள் ஸ்டார்ட் கம்பியும் கிடைக்கிறது. ஒரு சுற்றை 200 சிறு அடிகளாக, அதாவது ஸ்டெப்களாக, எடுத்து வைக்கும் மோட்டாரை மாட்டினால் முன்னது ஒரு ஸ்டெப்புக்கு 0.04 மி.மீ. நகரும், பின்னது 0.01 மி.மீ. துல்லியத்தைத்தான் எல்லோரும் முதலில் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது. நான்கு ஸ்டார்ட்டில் மரையின் சரிவு சுமார் 20 டிகிரி, சிங்கிளில் 5 டிகிரிதான். உராய்வு தாங்கிப் பிடிக்கக்கூடிய சரிவு, சாதாரண எண்ணெய்ப் பூச்சில், 8 அல்லது 9 டிகிரி வரைதான். அதனால் மோட்டார் பிடியை விட்டதும் நான்கு ஸ்டார்ட் கம்பி தானாகச் சுழன்று பாரத்தைக் கீழே இறக்கிவிடலாம். இரண்டு பக்கமும் கம்பி உள்ள பிரிண்டரில் ஒரு பக்கம் மட்டும் இறங்கி, குறுக்குச் சட்டம் சாய்ந்து நிற்கும். கனமான பெட்டை (பொருள் அச்சாகும் தட்டை) தூக்கும் இடத்தில் நான் சிங்கிளைத்தான் போடச் சொல்வேன். மாற்றினால் மென்பொருளில் மி.மீ.க்கு இத்தனை ஸ்டெப் என்ற எண்ணை நான்கு மடங்காக்க வேண்டும்.

ஆனால் பிடித்து நிற்கிற அதே உராய்வு, சக்தியையும் தின்கிறது. மேலே சொன்ன கோணங்களை வைத்துக் கணக்கிட்டால் நான்கு ஸ்டார்ட்டில் கொடுத்த உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கு வேலையாக மாறும், சிங்கிளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான். அதனால்தான் கார் ஜாக்கியிலும் பெஞ்ச் வைஸிலும் சிங்கிள், தகட்டைக் கையால் அடித்து வெட்டும் ஃப்ளை பிரஸ்ஸில் மல்டி. ஜாக்கி தானாக இறங்கினால் ஆளுக்கே ஆபத்து. ஃப்ளை பிரஸ்ஸிலோ கையால் ஒரு தள்ளு தள்ளினால் ஸ்க்ரூ சரசரவென்று இறங்கி அடிக்க வேண்டும், அப்புறம் லேசாக மேலே வரவும் வேண்டும்.

வேகம்தான் வேண்டுமென்றால் ஒரே மரையைப் பெரிதாக வெட்டினால் போதாதா? போதாது. மரையின் ஆழம் பிட்ச்சோடு கூடவே வளரும். பவுண்டன் பேனா மூடிக்கு 0.8 மி.மீ. பிட்ச்சில் மூன்று ஸ்டார்ட் போட்டால் லீட் 2.4 மி.மீ., மரை ஆழம் அரை மி.மீ. அளவுதான். அதே 2.4 மி.மீ.யை ஒற்றை மரையில் எடுக்கப் போனால் ஒன்றரை மி.மீ. ஆழம் வெட்ட வேண்டும். பேனாவின் சுவர் தாங்காது. மெல்லிய சுவரில் மல்டி ஸ்டார்ட்டுக்கு நிகரில்லை.

பாட்டிலில் கதை வேறு. சோடாவுக்குப் பயன்படும் 28 மி.மீ. கழுத்தில் ஒரே மரை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் ஓடுகிறது. உள்ளே வாயு அழுத்தும்போதும் மூடி கழன்று வராது. அழுத்தமில்லாத ஜூஸ் பாட்டிலின் 38 மி.மீ. கழுத்தில் மூன்று ஸ்டார்ட் வரும், சட்டென்று திறக்கலாம்.

லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) வெட்டுகிறவருக்கு மல்டி ஸ்டார்ட் கூடுதல் வேலை. கியர் பாக்ஸை பிட்ச்சுக்கு அல்ல, லீட்டுக்கு வைக்க வேண்டும். முதல் பள்ளம் முடிந்ததும், வேலைப்பொருளின் அச்சுக்கு இணையாகத் திருப்பி வைத்த காம்பவுண்ட் ஸ்லைடை (வெட்டும் உளியைத் தாங்கும் சிறு நகர்த்தியை) ஒரு பிட்ச் தூரம் நகர்த்தி அடுத்ததை வெட்டுவார்கள். நகர்த்தும்போது எப்போதும் ஒரே திசையில் வர வேண்டும், இல்லையென்றால் ஸ்லைடின் ஆட்டம் அளவைக் கெடுத்துவிடும். ஒரு பள்ளம் ஆழம் குறைந்தாலும் நட் அங்கே இறுகும். கணினி இயக்கும் சிஎன்சி லேத்தில் இந்தத் தொல்லை குறைவு, தொடங்கும் இடத்தை ஒரு பிட்ச் தள்ளிக் கொடுத்தால் சரி.

கம்பிக்கு நட் வாங்கும்போது 8 மி.மீ., 2 மி.மீ. பிட்ச் என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டு வகைக்கும் அந்த எண்கள் ஒன்றேதான், ஆனால் ஒன்றின் நட் மற்றதில் ஏறாது. கம்பியின் வெட்டிய முனையைப் பார்த்து எத்தனை பள்ளம் தொடங்குகிறது என்று எண்ணிக்கொண்டு போங்கள்.