இரிடியம் பிளக் என்று காசு வாங்கிவிட்டு, பழைய பிளக்கையே தேய்த்து மாட்டிவிட்டார்கள்

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

எங்களுடையது 2012 பெட்ரோல் கார். 1,20,000 ஓடியிருந்தபோது காலையில் ஸ்டார்ட் ஆக இழுத்தது, நாங்குநேரி ரோட்டில் லாரியை முந்தப் போனால் திக்கியது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "பிளக் நாலும் போச்சு, ஒரு காயிலும் போச்சு. இரிடியம் போட்டுட்டா ஒரு லட்சத்துக்குத் தொட வேண்டாம் சார்" என்றார்கள். பிளக் என்றால் இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கத் தீப்பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்; காயில் அதற்கு வோல்டேஜ் கொடுப்பது; இரிடியம், நிக்கல் என்பது பிளக் முனையின் உலோகம். மாற்ற வேண்டிய நேரம்தான். என் வண்டியில் இருந்த நிக்கல் பிளக்குக்குக் கையேட்டில் 40,000 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது, கடைசியாக மாற்றியது 78,000-ல். அதனால் சந்தேகமே வரவில்லை. 6,800 ரூபாய் கொடுத்தேன். பில்லில் "பிளக் 4, காயில் 1", அவ்வளவுதான். பழசைக் கேட்டதற்குக் குப்பையில் போட்டாச்சு என்றார்கள்.

மூன்றே வாரம். குழந்தைகளோடு பாபநாசத்திலிருந்து காரையாறு மலை ஏறும்போது வண்டி குலுங்கியது, இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிந்தது. அப்படி எரிந்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போகிறது என்று அர்த்தம். அது கெட்டால் பிளக் செலவெல்லாம் ஒன்றுமே இல்லை. மெதுவாக உருட்டி அம்பாசமுத்திரம் வந்து சேர்ந்தோம்.

அங்கே ஒரு மெக்கானிக் அண்ணாச்சி, இன்ஜின் ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். சூட்டில் பிளக்கைக் கழற்றினால் இன்ஜினின் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடுமாம். ஸ்கேனர் மூன்றாவது சிலிண்டரில் கோளாறு என்று காட்டியது. முதலில் அதன் காயிலை இரண்டாவதில் மாட்டி மறுபடி ஸ்கேனர் வைத்தார். கோளாறு மூன்றிலேயே நின்றது. காயில் கெட்டிருந்தால் கூடவே இரண்டுக்கு வந்திருக்கும். அப்புறம் அந்தப் பிளக்கைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

"இது இரிடியம் இல்லவே. பழசைப் பிரஷ் போட்டுத் தேச்சிருக்கானுவ."

இரிடியத்தின் நடு முனை ஊசி மாதிரி மெலிசாக இருக்கும். இது தடியாக, ஓரமெல்லாம் மழுங்கிக் கிடந்தது. தீப்பொறி தாவும் இரண்டு முனைகளுக்கு நடுவே 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 1.4. இடைவெளி கூடக் கூடத் தீப்பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். பழைய பிளக்கை வைத்து ஓட்டினால் நல்ல காயிலும் கெடுவது அதனால்தான்.

எனக்கு ஆத்திரம் பணத்துக்காக இல்லை, மலையில் குழந்தைகளோடு நின்றதற்காக.

பிளக் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். புது டப்பாவை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், பில்லில் பிளக் நம்பரை எழுதச் சொல்லுங்கள், பழசை வாங்கிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் இன்ஜின் நன்றாக எரிகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பப் போனேன். பில்லைக் காட்டி, "இதுல இரிடியம்னு எங்க சார் எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள்.