எல்லாரையும் கூப்பிடுவதா, தேவையானவரை மட்டும் கூப்பிடுவதா?

ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் திருவிழா வாரம். மாலை 7:40-க்கு, சேலத்துக் கடைகளுக்கு நாங்கள் தரும் பில்லிங் மென்பொருளில் கார்டு, யுபிஐ இரண்டுமே நின்றுவிட்டன. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்க வந்தவர்கள் கல்லாவுக்கு முன்னால் காத்து நின்றார்கள். பத்தே நிமிடத்தில் எங்கள் கான்ஃபரன்ஸ் காலில் 26 பேர்.

அன்று மதியம் டேட்டாபேஸில் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தோம். அதனால் எல்லாரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். கார்டு, யுபிஐ பணத்தை வங்கியோடு இணைக்கும் சேவையான பேமென்ட் கேட்வேயின் இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பி முதலிலிருந்தே காலில் இருந்தான், மைக்கை அணைத்துவிட்டு. ஐம்பதாவது நிமிடத்தில்தான் வாயைத் திறந்தான்: "அண்ணா, சர்ட்டிஃபிகேட் முடிஞ்சிருக்கு போல, நான் பார்க்கவா?" அதுதான் காரணம்: இணைப்பு நம்பகமானது என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழின் காலம் முடிந்திருந்தது. அதைப் புதுப்பிக்க எட்டு நிமிடம் ஆனது. சரியான ஆள் உள்ளே இருந்தும் ஐம்பது நிமிடம் போனது இன்றும் என் மனதை உறுத்துகிறது. அதனால்தான், கோளாறு வந்தால் ஆள் கூப்பிடும் மூன்று வழிகளையும் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதல் வழி, அன்று நாங்கள் செய்தது: எல்லாரையும் ஒரே காலில் சேர்ப்பது. காரணம் எங்கே என்று துளியும் தெரியாதபோது, பல சிஸ்டங்கள் ஒன்றாக விழுந்திருந்தால், முதல் பத்து நிமிடத்துக்கு இது உதவும். அதைத் தாண்டினால் கெடுதல். குரல் பெரியவர்களின் ஊகம் மேலேறுகிறது, இளையவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். வேலை செய்பவரிடம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "என்னாச்சு?" என்று யாராவது கேட்கிறார்கள்.

இரண்டாவது வழி ஏணிப்படி. முதல் நிலை ஆதரவுக் குழு அரை மணி நேரம் பார்க்கும், முடியாவிட்டால் இரண்டாம் நிலை, அப்புறம் மூன்றாம் நிலை. ஒரு கடையில் பிரிண்டர் ஓடவில்லை, கடவுச்சொல் மறந்துவிட்டது என்பதற்கெல்லாம் இதுதான் சரி. நடுராத்திரியில் யாரையும் வீணாக எழுப்பாது. ஆனால் எல்லாக் கடையும் நின்றிருக்கும்போது ஒவ்வொரு படியிலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதைவிட மோசம், 'தேவையில்லாமல் எழுப்பிவிட்டாயே' என்று திட்டு விழுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகிவிடும். கூப்பிட்டதற்காக யாரையும் கடிந்துகொள்வதில்லை என்று மேலாளர் வெளிப்படையாகச் சொல்லாத இடத்தில் ஏணிப்படி வேலை செய்யாது.

மூன்றாவது வழியில் ஒரே ஒருவர் ஒருங்கிணைப்பாளர். அவர் கீபோர்டைத் தொடமாட்டார். யாரைக் கூப்பிடுவது, யாரை அனுப்பிவிடுவது, வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது என்பது மட்டுமே அவர் வேலை. இந்த முறையின் வேர் காட்டுத்தீயில் இருக்கிறது. 1970-இல் கலிபோர்னியாவில் பெரும் தீ பரவியபோது பல துறைகள் திரண்டன. ஆனால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை, ரேடியோ அலைவரிசைகூட வேறு வேறு. அதிலிருந்து பிறந்த கட்டளை முறையில் ஒருவருக்குக் கீழே 3 முதல் 7 பேர்தான், 5 இருந்தால் நல்லது. கோடையில் சேர்வராயன் மலைச்சரிவு புகைவதைக் கீழிருந்து பார்த்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் மலையேறினாலும், யார் எந்தச் சரிவுக்கு என்று ஒருவர் சொல்லியாக வேண்டும்.

யாரைக் கூப்பிடுவது என்பதற்கு நான் மூன்று கேள்விகளை நம்புகிறேன். சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது? கடந்த ஒரு நாளில் எதை மாற்றினோம்? எந்த அனுமதி, சான்றிதழ், உரிமம் இன்று முடிகிறது? இந்த மூன்றுக்கும் உரியவர்கள், கூடவே வாடிக்கையாளர் ஆதரவில் ஒருவர். கடைக்காரர் திரையில் என்ன தெரிகிறது என்பது அவருக்குத்தான் தெரியும், பலர் அவரை மறந்துவிடுகிறார்கள். அன்று மூன்றாவது கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அந்தத் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்போம்.

இந்த மூன்றாவது வழியின் பலவீனம் பட்டியல். எந்தச் சேவை யாருடையது என்ற அட்டவணை பழசாகிவிட்டால் ஒருங்கிணைப்பாளர் குருடர்தான். மாற்று ஆள் பெயரும் வேண்டும். ஆன்காலில் இருப்பவர், அதாவது அன்று கூப்பிட்டால் வரவேண்டியவர், ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் சிக்னல் இல்லாமல் இருக்கலாம். அட்டவணையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். 2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியபோது, பழுது பார்க்க உதவும் அவர்களுடைய உள் கருவிகளும் சேர்ந்தே விழுந்தன. ஆகவே எண்கள் காகிதத்திலும் இருக்கட்டும்.

ஆறு பேர் இருக்கும் சிறிய அலுவலகத்துக்கு ஒருங்கிணைப்பாளர் தேவையா என்று கேட்கிறார்கள். தேவை. மூன்று பேர் இருந்தாலும் ஒருவர் கீபோர்டிலிருந்து கையை எடுக்க வேண்டும்.

நாங்கள் இப்போது முதல் பத்து நிமிடம் கொஞ்சம் தாராளமாகவே கூப்பிடுகிறோம், அப்புறம் பெயர் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அனுப்புவதுதான் கடினமாக இருந்தது. போன முறை ஒருங்கிணைத்தவன் அதே தம்பி. காலில் இருந்த மேலாளரிடம், "சார், நீங்க சாப்பிடப் போங்க, வேணும்னா நானே கூப்பிடறேன்" என்றான். அவரும் போனார்.