பதில் போடும்போது ஹெடர் யார் கையில்? மட், தண்டர்பேர்ட், ஜிமெயில்

பழைய மெயிலைத் திறந்து, ரிப்ளை அழுத்தி, சப்ஜெக்ட்டை மட்டும் மாற்றிப் புது விஷயம் எழுதுவது எனக்கு வெகுநாள் பழக்கம். முகவரி தேடும் வேலை மிச்சம் பாருங்கள். "நீங்க அனுப்புனதா சொன்ன மெயில் வரவே இல்லையே" என்று நண்பர் கேட்டபோதுதான் விழித்தேன். வந்திருந்தது, எப்போதோ முடிந்துபோன பேச்சின் அடியில் ஒட்டிக் கிடந்தது. ஹெடர் என்பது மெயிலின் தலையில் போகும் விவர வரி. சப்ஜெக்ட்டை மாற்றினாலும் இன்-ரிப்ளை-டு, ரெஃபரன்சஸ் என்ற இரண்டு ஹெடர்களும் பழைய மெயிலின் மெசேஜ்-ஐடியை, அதாவது அதன் அடையாள எண்ணை, சுமந்தபடியேதான் போகும். பல மென்பொருள்கள் ஒரே பேச்சின் மெயில்களைச் சேர்த்து இழை கோப்பது அதை வைத்துத்தான்.

இந்த விஷயத்தில், டெர்மினல் என்ற எழுத்துத் திரையில் ஓடும் மெயில் மென்பொருளான மட் (Mutt) தனி ஜாதி. எடிட்_ஹெடர்ஸ் அமைப்பை 'யெஸ்' ஆக்கிவிட்டால், பதில் எழுதும் கோப்பின் தலையிலேயே ஃப்ரம், டு, இன்-ரிப்ளை-டு எல்லாம் வரிவரியாக வந்து நிற்கும். இன்-ரிப்ளை-டு வரியை அழித்துவிடுங்கள். ரெஃபரன்சஸும் போகாது, புது இழை தொடங்கும். தேதி வரியில் கைவைத்தால் மட் கண்டுகொள்ளாது. ரிவர்ஸ்_நேம் என்ற அமைப்பைப் போட்டு, உங்கள் முகவரிகளை ஆல்டர்நேட்ஸ் என்ற பட்டியலில் சொல்லிவைத்தால், எந்த முகவரிக்கு மெயில் வந்ததோ அதிலிருந்தே பதில் போகும். ஹூக் என்பது மெயில் பொருந்தினால் தானாக ஓடும் கட்டளை. ரிப்ளை-ஹூக் வந்த மெயிலைப் பார்த்து முடிவெடுக்கும், சென்ட்-ஹூக் போகிற மெயிலைப் பார்த்து. இங்கே ஒரு பள்ளம் உண்டு: ஹூக்கில், ஹெடர் சேர்க்கும் மை_ஹெச்டிஆர் கட்டளை கொண்டு வைத்த ஃப்ரம், அந்த மெயிலோடு ஒழியாது. அடுத்த மெயிலிலும் தொற்றும். எல்லா மெயிலுக்கும் பொருந்தும் ஹூக் ஒன்றை முதலில் எழுதி, அதில் அன்மை_ஹெச்டிஆர் சொல்லி அழித்தாக வேண்டும். இதையெல்லாம் டெர்மினலில் உட்கார்ந்து பழக ஒரு வாரமாவது போகும், பொறுமையும் போகும்.

தண்டர்பேர்டில் பாதிச் சுதந்திரம். ஃப்ரம் பட்டியலில் வேண்டிய அடையாளத்தை (அனுப்பும் பெயர், முகவரி) தேர்ந்தெடுக்கலாம், அடையாளத்துக்கு ஒரு ரிப்ளை-டு, அதாவது பதில் வந்து சேரவேண்டிய முகவரி, வைக்கலாம். உள்ளமைப்பில் மெயில்.கம்போஸ்.அதர்.ஹெடர் என்ற இடத்தில் பெயர் எழுதினால் சொந்த ஹெடரும் சேரும். ஆனால் எழுதும் சன்னலில் இன்-ரிப்ளை-டு கண்ணிலேயே படாது. புது விஷயமா? அனுப்பியவர் பெயரைச் சொடுக்கிப் புது மெயில் தொடங்குவதுதான் சரி.

ஜிமெயிலில் இதற்கெல்லாம் இடமே இல்லை. வந்த முகவரியிலிருந்தே பதில் போடும் அமைப்பு இருக்கிறது, நல்லது. ரிப்ளை-டுவை அமைப்புகளுக்குள் போய் முகவரிவாரியாகத்தான் வைக்க முடியும், மெயிலுக்கு மெயில் மாற்ற வழியில்லை. சப்ஜெக்ட்டைத் திருத்தினால் தனி உரையாடலாகப் பிரியும். ஹெடர்களை 'மூலத்தைக் காட்டு' கொண்டு வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஒரே முகவரி வைத்திருப்பவருக்கு ஜிமெயிலே போதும். நாலைந்து முகவரி என்றால் தண்டர்பேர்ட். நான் மட்டிலேயே இருக்கிறேன். அந்த ஒரு வரியை அழிப்பதற்காகவே.