வாரம் ஒரு கவிதை: நெப்ராஸ்காவிலிருந்து செய்தித்தாள்களுக்கு வந்த இலவசப் பத்தி

கேட்கும் எந்தச் செய்தித்தாளுக்கும் வாரம் ஒரு கவிதையைக் கட்டணமின்றி அனுப்பிவைப்பது என்ற எளிய ஏற்பாடாக 2005ஆம் ஆண்டு தொடங்கியது 'அமெரிக்கன் லைஃப் இன் பொயட்ரி' என்னும் பத்தி. அப்போது அமெரிக்காவின் அரசவைக் கவிஞர் பொறுப்பில் இருந்த டெட் கூசர் இதனைத் தொடங்கினார். கவிதைக்கான அறக்கட்டளையாகிய பொயட்ரி ஃபவுண்டேஷனும் லிங்கன் நகரிலுள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையும் துணை நின்றன. பத்திரிகைகள் செய்ய வேண்டியது இரண்டே: பெயரைப் பதிவுசெய்துகொள்வது, வந்ததை மாற்றாமல் உரிமைக் குறிப்புடன் அச்சிடுவது. கூசர் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, 800ஐத் தாண்டிய வாரங்களுக்கு, இப்பணியைத் தாமே கவனித்தார். நாடு முழுவதற்குமான சேவை என்றுதான் இதற்குப் பெயர். ஆயினும் அதன் குணம், கூச்சம், விருந்தோம்பல், குறை ஆகிய யாவும் நெப்ராஸ்கா என்னும் புல்வெளி மாநிலத்தின் இலக்கியச் சமூகத்திடமிருந்து வந்தவை என்பதே அந்த ஆண்டுகளின் பத்திகளை வாசித்தபின் எனக்குத் தோன்றுவது. ஆகவே அந்த மாநிலத்தைப் பற்றிச் சற்றுச் சொல்லாமல் இந்தச் சேவையை மதிப்பிட இயலாது.

நெப்ராஸ்கா ஏறத்தாழ இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. மக்கள்தொகை ஏறத்தாழ இருபது லட்சமே. அதிலும் பாதிக்கு மேற்பட்டோர் கிழக்கு ஓரத்தில் ஒமாஹா, லிங்கன் ஆகிய இரு நகரங்களையும் அவற்றின் சுற்றுப்புறங்களையும் சேர்ந்தவர்கள். எஞ்சிய நிலமெல்லாம் சோள வயல், மேய்ச்சல் புல், மணற்குன்றுகள், அவற்றுக்கிடையே சில நூறு பேர் வாழும் ஊர்கள். இப்படிப்பட்ட இடத்தில் இலக்கியச் சமூகம் என்பது ஒரு தெருவிலோ ஒரு தேநீர்க்கடையிலோ கூடுவதாக இருக்க முடியாது. பள்ளிக்கூட மண்டபம், ஊர் நூலகம், பல்கலைக்கழகத்தின் ஓர் அறை, அஞ்சல் பெட்டி ஆகியவை வழியாகத்தான் அது தன்னைக் கட்டிக்கொண்டிருக்கிறது. 1921ஆம் ஆண்டிலேயே இம்மாநிலச் சட்டமன்றம் ஜான் நைஹார்ட்டை மாநில அரசவைக் கவிஞராக அறிவித்தது. அவர் எழுதிய சிறு அறை பேன்கிராஃப்ட் என்ற சிற்றூரில் இன்றும் காக்கப்படுகிறது. அப்பட்டம் அவருக்கே உரியதாக நிலைத்துவிட்டதால், 1982இல் வில்லியம் க்ளெஃப்கார்ன் 'மாநிலக் கவிஞர்' என்ற வேறு பெயருடன் பொறுப்பேற்று, 2011இல் மறையும்வரை அதில் இருந்தார். பேராசிரியரான அவர், பன்றிகளைக் கூவி அழைக்கும் போட்டியில் மாநில அளவில் வென்றவரும்கூட. அங்கே இதை யாரும் முரணாகக் காண்பதில்லை என்பதே அந்த மண்ணைப் பற்றி நிறையச் சொல்கிறது.

எழுத்தாளர் வில்லா கேதரின் ஊரான ரெட் கிளவுடையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் அந்த ஊரில், 1885இல் கட்டப்பட்ட நாடக அரங்கை 2003இல் புதுப்பித்து மீண்டும் திறந்தார்கள். கேதர் பெயரிலான அறக்கட்டளை அவருடைய இளமைக்கால வீட்டையும் அவர் எழுத்தில் இடம்பெற்ற கட்டடங்களையும் வாசகர்களுக்குச் சுற்றிக்காட்டுகிறது. ஊருக்குத் தெற்கே, கான்சாஸ் எல்லைக்கருகில், 612 ஏக்கர் பழம்புல்வெளியை உழாமல் காத்து வருகிறது. நாவலாசிரியராகவே உலகம் அறிந்த கேதரின் முதல் நூல் 1903இல் வெளிவந்த கவிதைத் தொகுப்பு என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். லிங்கனில் 1920களின் நடுவில் தோன்றிய 'பிரெய்ரி ஸ்கூனர்' இலக்கியக் காலாண்டிதழ் இன்றும் வருகிறது. பெரிய நகரங்களின் பதிப்பகங்களுக்கு எட்டாத தொலைவில் இருந்துகொண்டே ஒரு நூற்றாண்டாக இலக்கியத்தை நடத்திக் காட்டியவர்கள் இவர்கள். அஞ்சலையும் அச்சையும் நம்பிய அந்தப் பழக்கத்தின் நேரான வாரிசுதான் கூசரின் பத்தி.

கூசர் ஐயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் 1939இல் பிறந்து, மேற்படிப்புக்காக நெப்ராஸ்காவுக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களில் பணியாற்றித் துணைத்தலைவர் பதவிவரை உயர்ந்தார். அலுவலகம் செல்லுமுன் விடியலுக்கு முந்திய இருளில் எழுதுவதும், எழுதியதை அலுவலகச் செயலாளரிடம் காட்டி, அவருக்குப் புரியாத இடத்தைத் திருத்துவதும் அவருடைய வழக்கம். இதைப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். 1986 முதல் 2007 வரை ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு புதிய கவிதையை அஞ்சலட்டையில் அச்சிட்டுப் பெண்களுக்குக் காதலர் தின வாழ்த்தாக அனுப்பிவந்தார்; ஐம்பது பேருடன் தொடங்கிய அந்தப் பட்டியல் இறுதியில் 2,600 பேரளவுக்கு வளர்ந்தது. நெப்ராஸ்கா அடங்கிய பெருஞ்சமவெளிப் பகுதியிலிருந்து நாட்டின் அரசவைக் கவிஞராகத் தேர்வான முதல்வரும் அவரே. பொறுப்பில் இருக்கையில், 2005இல், புலிட்சர் பரிசும் அவருக்குக் கிடைத்தது. இத்தகைய ஒருவர் தமக்குக் கிடைத்த பதவியைக்கொண்டு நாடெங்கும் கவிதையை அஞ்சலில் சேர்க்க முனைந்தது மிக இயல்பானது.

இனி, பத்தியின் அமைப்பைப் பார்க்கலாம். ஒவ்வொரு வாரமும் சமகால அமெரிக்கக் கவிஞர் ஒருவரின் சிறு கவிதை, அதற்கு முன்னே கூசரின் மூன்று நான்கு வரி அறிமுகம், இறுதியில் உரிமைக் குறிப்பு, அவ்வளவே. முதல் பத்தியில் இடம்பெற்றவர் பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவின் அரசவைக் கவிஞர் டேவிட் ஆலன் எவன்ஸ். எதிர்வீட்டுத் தம்பதியர் சன்னல் கண்ணாடியின் இருபுறமும் நின்று துடைப்பதைச் சொல்லி, அதன் வழியே ஓர் இல்லறத்தைக் காட்டும் கவிதை அது. நாடு முழுவதற்குமான ஒரு முயற்சியைத் தொடங்கும்போது புகழ்பெற்ற பெருநகரப் பெயர் ஒன்றைத் தேடிப் போகாமல், அண்டை மாநிலத்தாரின் அண்டைவீட்டுக் கவிதையை எடுத்தது கூசரின் துணிவு என்றே கருதுகிறேன். பின்வந்த நூற்றுக்கணக்கான தேர்வுகளின் திசை அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

இந்தச் சேவையின் உயிர் அந்த அறிமுக வரிகளில் இருக்கிறது. குறுந்தொகைப் பாட்டின் அடியில் 'தலைவி தோழிக்குச் சொல்லியது' என்பதுபோல் ஒரு கூற்றுக் குறிப்பு இருப்பதை நாம் அறிவோம். அது பாடியவர் எழுதியதன்று, பின்னால் சேர்ந்தது. ஆயினும் அந்த ஒரு வரி இல்லாமல் பாட்டுக்குள் நுழைபவர் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று திகைக்க நேரும். கூசரின் அறிமுகமும் இதே வேலையைச் செய்கிறது. இந்தக் கவிஞர் எந்த மாநிலத்தவர், கவிதையில் நிகழ்வது என்ன, எதைக் கவனித்துப் பார்க்கலாம் என்ற அளவில் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறார். படிமம், தொனி, மரபு என்று விமர்சனக் கலைச்சொற்களை அடுக்குவதில்லை. கவிதை என்றாலே பள்ளித் தேர்வின் அச்சம் நினைவுக்கு வருகிற வாசகருக்கு, 'இது உமக்காகவும் எழுதப்பட்டதே' என்று சொல்லாமல் சொல்லும் பண்பு அவ்வரிகளில் உண்டு. அவ்வளவு எளிதாக எழுதுவது மிகக் கடினமான வேலை. மூன்று வரிக்குள் ஒரு கவிஞரையும் ஒரு கவிதையையும் அவமதிக்காமல் அறிமுகப்படுத்துவதை வாரந்தோறும் ஒரே தரத்தில் செய்தது, எழுத்துப் பயிற்சியில் ஈடுபட்டோர் தனியாகப் படித்துக் கற்க வேண்டிய ஒன்று.

செய்தித்தாள் என்ற ஊடகத்தின் தேவைகளையும் கூசர் நன்கு அறிந்திருந்தார். குறுகிய பத்தி அகலத்தில் நீண்ட அடிகளை அச்சிட்டால் அவை முறிந்து அடுத்த வரிக்கு வழிந்து, கவிஞர் எங்கே அடியை நிறுத்தினார் என்பதே தெரியாமல் போய்விடும். எனவே சிறிய அடிகளும் மொத்தத்தில் குறைந்த வரிகளும் கொண்ட கவிதைகளே பெரும்பாலும் தேர்வாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்கச் செய்தித்தாள்களில் கவிதைக்கு இயல்பான இடம் இருந்தது. பின்னர் அது மறைந்தது. அந்த இடத்தை மீட்பதே கூசர் சொன்ன நோக்கம். மரண அறிவித்தல்களுக்கும் கால்நடை விலைகளுக்கும் வானிலை முன்னறிவிப்புக்கும் பக்கத்தில் ஒரு கவிதை வருவதால் ஏற்படும் விளைவு கவிதைத் தொகுப்பில் கிடைக்காது. அங்கே அது தேடிவந்த வாசகருக்குரியது. இங்கே வேறெதையோ பார்க்க வந்தவரின் கண்ணில் படுவது. கவிதை நூல் விற்கும் கடை பல மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் ஊர்களுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. எளிய வார இதழ்கூட எதுவும் செலவழிக்காமல் இதை வெளியிட முடிந்தது என்பதே இச்சேவையின் முதன்மையான சிறப்பு.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடர்ந்து வாசிக்கும்போது ஒரு சாயல் திரும்பத் திரும்ப வருவதை உணர்கிறோம். தந்தையின் கருவி, தாயின் சமையலறை, இறந்த நாய், பழைய புகைப்படம், பனி பெய்த காலை என்று நினைவும் இழப்பும் சிறுபொருள்களைப் பற்றிக்கொண்டு வருகின்றன. இறுதி இரண்டு வரிகளில் ஒரு மெல்லிய திருப்பத்துடன் கவிதை அடங்குகிறது. வாரத்துக்கு ஒன்றாகச் சந்திக்கும்போது இது இதமாக இருக்கும். தொகுத்து ஒரே அமர்வில் படித்தால் ஒருமுகமாகிவிடுகிறது. சினமும் வாதமும், பொருள் எளிதில் பிடிபடாத மொழிச்சோதனையும் இங்கே அரிதாகவே இடம்பெறுகின்றன. சில வாரங்களில் அறிமுகம் சற்று அதிகமாகச் சொல்லி, வாசகர் தாமே கண்டு மகிழ வேண்டியதை முன்கூட்டியே எடுத்துவிடுகிறது.

இக்குறை புல்வெளி இலக்கியத்தின் முழுமையைக்கூடக் குறுக்கிக் காட்டுகிறது என்பதே என் வருத்தம். நைஹார்ட் 1912 முதல் முப்பதாண்டுகள் உழைத்து, மேற்கு நிலத்தின் வரலாற்றைப் பல்லாயிரம் வரிகள் கொண்ட காவியமாக எழுதினார். பியட்ரிஸ் என்னும் நெப்ராஸ்கா ஊரில் 1914இல் பிறந்த வெல்டன் கீஸ், அமெரிக்க நவீன கவிதையின் மிக இருண்ட குரல்களுள் ஒன்று. 1955இல் சான் பிரான்சிஸ்கோவில் காணாமற்போனவர், பின்பு கிடைக்கவேயில்லை. அவர்கள் சமகாலத்தவர் அல்லர் என்பதால் பத்தியின் விதிப்படி இடம்பெற இயலாது, அது நியாயமே. ஆனால் அவர்களுடைய நீளத்துக்கோ கசப்புக்கோ இணையான ஒன்று இன்று எழுதப்பட்டாலும் இந்தச் சிறு சட்டத்துக்குள் நுழைவது கடினம். அந்த மண் பணிவான குரல்களை மட்டும் விளைவித்ததன்று என்பதை இப்பத்தியை மட்டுமே படிப்பவர் அறிய வழியில்லை.

ஆயினும் இதை வைத்துச் சேவையைத் தாழ்த்திவிட எனக்கு மனம் வரவில்லை. கடினமான கவிதைக்கு ஆய்விதழ்களும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. கவிதையை விட்டுப் பல ஆண்டுகள் விலகியிருந்தவரின் கைக்கு எட்டும் கவிதைக்கு வேறு என்ன இருந்தது? கூசர் தமக்குப் பிடித்த அழகியலை உயர்ந்ததென்று எங்கும் வாதிடவில்லை. யாருக்காகத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில் தெளிவாக இருந்தார்.

2021இல் பொறுப்பு குவாமே டாவ்ஸிடம் சென்றது. கானாவில் பிறந்து ஜமைக்காவில் வளர்ந்த அவர், 2011 முதல் 'பிரெய்ரி ஸ்கூனர்' இதழின் ஆசிரியராக இருந்தவர். ஆப்பிரிக்கக் கவிஞர்களின் நூல்களைப் பதிப்பிக்கும் நிதியத்தை லிங்கனிலிருந்தே நடத்தியவர். இந்த மாற்றம் மிகப் பொருத்தமானது என்பேன். ஒரே பல்கலைக்கழகத் துறைக்குள், ஒரே அமைப்பை வைத்துக்கொண்டு, வேறொரு செவி கேட்கத் தொடங்கியது. புல்வெளி மாநிலத்தின் இலக்கியம் உழவர் குடும்பங்களின் நினைவோடு நின்றுவிடவில்லை என்பதையும், உலகின் மறுகோடியில் இளைஞர் ஒருவர் எழுதும் முதல் தொகுப்பும் அங்கிருந்து அச்சேற முடியும் என்பதையும் டாவ்ஸின் பணி காட்டியது.

முழுத் தொகுப்பையும் ஒரே மூச்சில் படிக்க முனைய வேண்டாம் என்பது என் பரிந்துரை. 2005இல் வந்த தொடக்ககாலப் பத்திகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒன்று என்ற அளவில் செல்லலாம். முதலில் அறிமுகத்தை மறைத்துவிட்டுக் கவிதையைப் படித்து, பிறகு கூசர் என்ன சொல்கிறார் என்று பார்த்து, மீண்டும் கவிதைக்குத் திரும்பினால், எந்த அறிமுகம் கதவைத் திறக்கிறது, எது வழியை அடைக்கிறது என்பது விரைவில் விளங்கிவிடும். கவிதை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதைக்காட்டிலும் பயனுள்ள இலவசப் பாடநூல் அரிது. ஆங்கிலக் கவிதையில் முன்பயிற்சி இல்லாத தமிழ் வாசகர்களும் தயங்காமல் நுழையலாம். பெரும்பாலான கவிதைகளுக்கு அகராதி தேவைப்படாது. ஏற்கெனவே கவிதையில் தோய்ந்தவர்கள் இதனுடன் 'பிரெய்ரி ஸ்கூனர்' இதழ் ஒன்றையும் வெல்டன் கீஸின் கவிதைகளையும் சேர்த்து வாசித்தால், பத்தி விட்டுச்சென்ற பாதி அங்கே கிடைக்கும்.